சிவப்பு நைட்டி கட்டிய கம்பு

இங்கே கொசு அதிகம். தீயணைப்பு அண்ணன்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கூவத்துக்குள் மறுபடி இறங்குகிறார்கள். நான் கரையில் உட்கார்ந்து முழங்காலில் கொசு அடிக்கிறேன். ஒன்றும் சாகவில்லை.

கூவத்தில் மீன் பிடிக்கிறோம் என்றால் பள்ளியில் மூக்கைப் பொத்துவார்கள். குத்தம்பாக்கம் பக்கம் அது இன்னும் ஆறுதான். மலை ஓடையில் வெள்ளைக்காரர்கள் இறகில் பூச்சி செய்து தூண்டிலில் வீசுவதை ஃபோனில் பார்த்து நானும் கிஷோரும் ஆரம்பித்தோம். எங்களுக்கு பிராய்லர் கடை இறகும் கிஷோர் வீட்டு நாய் முடியும்தான். கோடையில் குட்டையில் ஜிலேபி மீன் கடிக்கும், மழைக்கு விரால். தூண்டில் முள்ளில் அதிகம் மாட்டியது என் காது.

போன கோடையில் ஆறு காய்ந்தபோது மணல் லாரிக்காரர்கள் நடுவில் பெரிய குழி தோண்டிவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீரில் அது தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் வராது. அதனால் குழி ஓரத்தில் சவுக்குக் கம்பு நட்டு, என் அக்காவின் பழைய சிவப்பு நைட்டியைக் கிழித்துக் கட்டினோம். வலை போடுகிறவர்கள்கூட அந்தக் கம்பைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

கிஷோர் நல்லவன். நாங்கள் எடுத்துப் போடும் வீடியோவில் மட்டும், "இவன் பெனிட்டோ, என் அசிஸ்டெண்ட்" என்பான். போன வாரம் நான் பிடித்த விராலைத் தான் பிடித்ததாகக் காட்டினான்.

"அது என் மீனுடா, டேய்."

"உன் மூஞ்சிக்கு லைக் வராது மச்சான்."

அதனால் இன்று அவன் வருமுன் கம்பைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டேன். நனைந்து, அவன் வீட்டு நாய் மாதிரி சிலுப்பிக்கொண்டு எழுவான், நான் வீடியோ எடுப்பேன். அவ்வளவுதான். நீச்சல் விஷயம் அப்போது ஞாபகம் வரவில்லை.

வீடியோ இருக்கிறது. கம்பைவிட்டு நன்றாக விலகி, ஒழுங்காக நடக்கிறான். அப்புறம் தொப்பி மட்டும் மிதக்கிறது. தொப்பியையும் நிறைய நேரம் எடுத்திருக்கிறேன். பிறகுதான் கத்தினேன்.

வலை போட்டுக்கொண்டிருந்த துலுக்கானம் அண்ணன் ஓடிவந்தார். "எங்கடா உயுந்தான்?"

கம்பைக் காட்டினேன். யாராக இருந்தாலும் அங்கேதான் காட்டுவார்கள்.

கம்புக்குக் கீழே இடுப்பளவு தண்ணீர்தான். "குயி மணல்ல மூடிகிச்சு போல. ஆத்துத் தண்ணி இஸ்துகினு பூட்ச்சு" என்று அண்ணனே சொல்லிவிட்டார். எல்லோரும் கீழ்ப்பக்கமாகத் தேடுகிறார்கள். சரியான இடம் எனக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். இருட்டிவிட்டது, காலையில் சொல்லலாம். வெளிச்சத்தில் தேடுவது அவர்களுக்கும் சுலபம்.

கிஷோரின் அம்மா திருவேற்காட்டிலிருந்து செருப்பில்லாமல் வந்திருக்கிறார். என் தலையைத் தன் துப்பட்டாவால் துவட்டிவிடுகிறார். என் தலை நனையவே இல்லை.

"பயந்தாங்கொள்ளிப்பா அவன். கம்பப் பாத்தாலே ஒதுங்கித்தானே போவான்? பெனிட்டோ, இந்தக் கம்பு எப்பவும் இங்கதான் இருந்துச்சாப்பா?"