கிளம்பாத வண்டி

சூப்பர்வைசர்: இன்னொரு தடவை திருகு.

டிரைவர்: திருகிட்டேன் மச்சான்.

சூப்பர்வைசர்: ஆபீஸ்ல மச்சான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை...

டிரைவர்: திருகிட்டேன் சார் மச்சான்.

அக்கா: அட! ஆபீசுக்கு ஆபீஸ், சொந்தத்துக்குச் சொந்தம். ரெண்டையும் விட்டுக்குடுக்கல பாருங்க.

சூப்பர்வைசர்: நீங்க சும்மா இருங்கக்கா. மணி எட்டேகால். எட்டு மணிக்கே வண்டி கேட்டைத் தாண்டியிருக்கணும். இருநூத்திப் பதினாலு பார்சல் உள்ள உக்காந்திருக்கு.

அக்கா: எனக்கா சொல்றீங்க? ஏத்தினவளே நான்தான். என் இடுப்பைக் கேளுங்க, ஒண்ணொண்ணாச் சொல்லும்.

டிரைவர்: அக்கா ஒரு பெட்டியை இறக்கி வெச்சா பக்கத்துக் கட்டடத்துல ஜன்னல் ஆடுது. சும்மாவா பூகம்பம்னு பேரு!

அக்கா: அந்தப் பேரை வெச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. அவன் வீட்டு விலாசமும் தெரியும்.

சூப்பர்வைசர்: திருகுடா மாப்ளே.

அக்கா: இப்ப மட்டும் மாப்ளையா சார்?

டிரைவர்: ம்ஹும். அசையல. டக்குன்னு ஒரு சத்தம்கூட... என்னது, மீட்டர்ல லைட்டே வரலியே!

சூப்பர்வைசர்: வரலைன்னா வரல. அதுக்கு ஏன் அப்படி முழிக்கிற?

டிரைவர்: இல்ல... லைட்டாவது வந்திருக்கணுமே...

சூப்பர்வைசர்: ஏன் வந்திருக்கணும்?

டிரைவர்: ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

சூப்பர்வைசர்: இரு, ஃபோன்... வணக்கம் சார். ஆமா சார், ஏழாம் நம்பர் வண்டிதான். இதோ கெளம்பிக்கிட்டே இருக்கு சார்... புள்ளி நகரலையா? பாக்கறேன் சார். அஞ்சே நிமிஷம் சார்.

அக்கா: என்ன புள்ளி? கோலமா போடறாங்க அங்க?

டிரைவர்: பார்சலைப் படிக்கிற மெஷின் குடுத்திருக்காங்கல்ல, அது எங்க இருக்கோ அங்க ஹெட் ஆபீஸ் ஸ்கிரீன்ல ஒரு புள்ளி தெரியும். புள்ளி நகர்ந்தா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். நின்னா நாம தூங்கறோம்னு அர்த்தம்.

அக்கா: ஐயையோ... அதை இடுப்புல மாட்டிக்கிட்டுத்தானே நான் எல்லா எடத்துக்கும் போறேன்!

டிரைவர்: எல்லா எடத்துக்குமா?

அக்கா: வாயை மூடு. சரி, மெஷினை இங்க குடு. நகரணும், அவ்வளவுதானே? நான் நகர்த்திட்டு வரேன்.

சூப்பர்வைசர்: அக்கா! அக்கா, நில்லுங்க... போயிட்டாங்க.

டிரைவர்: நடக்கிறதைப் பாருங்க. நம்ம வண்டியைவிட வேகம்.

சூப்பர்வைசர்: உனக்குச் சிரிப்பு வருதா? நேத்து ஏன் ஒண்ணேமுக்கால் மணி நேரம் லேட்டு? நாப்பத்தோரு பேருக்கு 'தாமதம்'னு மெசேஜ் போயிருக்கு.

டிரைவர்: நெரிசல்.

சூப்பர்வைசர்: நெரிசலா?

டிரைவர்: நெரிசல்தான்.

சூப்பர்வைசர்: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

டிரைவர்: உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு என் பொண்டாட்டி ஞாபகம் வருது. அதே மூக்கு. பொய் சொல்ல வராது.

சூப்பர்வைசர்: அப்ப பொய்யா?

டிரைவர்: ஃபோன் அடிக்குது சார்.

சூப்பர்வைசர்: வணக்கம் சார்... நகருதா? ரொம்ப சந்தோஷம் சார்... மூணு கிலோமீட்டர் வேகத்துலயா? இங்க வாசல்ல கொஞ்சம் மேடு பள்ளம் சார்... என்னது, கேன்டீனுக்குள்ளயா? ... அது வந்து... திரும்பறதுக்கு எடம் இல்லாம... இல்ல சார். மன்னிச்சுக்கோங்க. வண்டி கெளம்பல. ஸ்டார்ட் ஆகல. உண்மை அதான் சார்.

டிரைவர்: என்ன சொல்றாங்க?

சூப்பர்வைசர்: தள்ளி ஸ்டார்ட் பண்ணணுமாம்.

டிரைவர்: தள்ளியா? அதெல்லாம்... தள்ளினா... இருநூத்திப் பதினாலு பார்சலோட நாம ரெண்டு பேர் எப்படித் தள்றது?

அக்கா: நான் எதுக்கு இருக்கேன்?

டிரைவர்: வந்துட்டீங்களா! கேன்டீன்ல வண்டியை எங்க நிறுத்தினீங்க?

அக்கா: டீ ஆறிடும்னு ஒரு வாய் குடிச்சேன். அது ஒரு குத்தமா? ஏன் சார், பானட்டைத் திறந்து பாத்தா என்ன?

சூப்பர்வைசர்: வேணாம்!

டிரைவர்: வேணாங்கறேன்!

அக்கா: ஏன் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தறீங்க? நான் என்ன பாம்புப் பெட்டியையா திறக்கச் சொன்னேன்?

சூப்பர்வைசர்: கை... கை அழுக்காகும்.

டிரைவர்: ஆமா, சட்டை வெள்ளை.

அக்கா: உன் சட்டை காக்கி, தம்பி.

டிரைவர்: அவர் சட்டையைச் சொன்னேன்.

அக்கா: சரி, தள்ளணும்னா தள்ளுவோம். மேலிடத்து உத்தரவாச்சே. ஆனா அதுக்கு முன்னால பின்சக்கரத்தைப் பாத்துட்டு வாங்க.

டிரைவர்: பின்சக்கரத்துக்கு என்ன? ... அடேயப்பா! ஒரு பொட்டு காத்து இல்ல! தரையோட தரையா ஒக்காந்திருக்கு! எவ்வளவு நல்ல... எவ்வளவு மோசமாப் போச்சு பாருங்க சார்.

சூப்பர்வைசர்: நல்லதாப் போச்சு.

அக்கா: என்ன சொன்னீங்க?

சூப்பர்வைசர்: நல்லதாப் பாத்தோம்னு சொன்னேன். தள்ளினதுக்கப்புறம் பாத்திருந்தா...

அக்கா: ம்...

டிரைவர்: ம்...

சூப்பர்வைசர்: என்ன ம்?

அக்கா: சார், ஒண்ணு சொல்லட்டா?

டிரைவர்: அக்கா... வேணாம்.

அக்கா: சொல்லிடறேன் தம்பி. நேத்துல இருந்து தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நேத்து நெரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்து இறக்கத்துல வந்துக்கிட்டிருந்தோம். மணி மூணரை. பிள்ளைங்க கடக்கறதுக்காக முன்னால போன வண்டியெல்லாம் நிக்குது. தம்பி பிரேக்கை மிதிக்கிறான். மிதி தரை வரைக்கும் போகுது. வண்டி நிக்கல.

சூப்பர்வைசர்: பிள்ளைங்க கடக்கிற எடத்துலயா?

அக்கா: நான் 'அம்மா'ன்னுகூடக் கத்தல. வாயே வரல. இவன் கியரைக் குறைச்சான், கைபிரேக்கைப் பிடிச்சு இழுத்தான், அப்படியே இடப்பக்கம் ஒடிச்சு, வீடு கட்டறவங்க கொட்டி வெச்சிருந்த மணல்ல கொண்டுபோய்ச் சொருகிட்டான். பாதி வண்டி மணலுக்குள்ள.

டிரைவர்: பாதியெல்லாம் இல்ல. பம்பர் வரைக்கும்தான்.

அக்கா: கொத்தனார் ஓடி வந்து கத்தறார். எனக்கு அவர் கத்தக் கத்த சிரிப்பா வருது. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன். உயிரோட இருக்கோமேன்னு வந்த சிரிப்பு சார் அது. வீட்டுக்குப் போனதும்தான் அழுகை வந்துச்சு.

சூப்பர்வைசர்: அதுக்கப்புறம்?

டிரைவர்: மணலை வாரித் தள்ளிட்டு, மீதி நாப்பத்தோரு பார்சலையும் ரெண்டாவது கியரைத் தாண்டாம குடுத்து முடிச்சோம். அதான் லேட்டு.

சூப்பர்வைசர்: பிரேக் இல்லாத வண்டியிலயா? அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதானே!

டிரைவர்: விட்டுட்டு வந்தா 'வேலையைப் பாதியில விட்டார்'னு எழுதுவீங்க. காலையில எடுக்க மாட்டேன்னா 'வண்டி எடுக்க மறுத்தார்'னு எழுதுவீங்க. மூணு தடவை எழுதினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்க தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது?

சூப்பர்வைசர்: நான் எழுதறேனா? எனக்கு எழுதச் சொல்லி வருதுடா. நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேனா? ஏழாம் நம்பருக்குப் பிரேக் பாக்கணும்னு மூணு வாரத்துல அஞ்சு தடவை எழுதிட்டேன்.

அக்கா: என்ன பதில் வந்துச்சு?

சூப்பர்வைசர்: 'வண்டி ஓடுகிறதா? ஓடினால் இந்த வாரம் முடியட்டும்.' அஞ்சுக்கும் அதே பதில். வாரம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

டிரைவர்: ஓடுதான்னு கேக்கறவங்க, நிக்குதான்னு ஒரு தடவை கேக்கக்கூடாதா?

அக்கா: நல்லாச் சொன்னே.

டிரைவர்: ஆனா கெளம்பாத வண்டின்னா கதையே வேற, இல்ல சார்?

சூப்பர்வைசர்: வேறதான். கெளம்பலைன்னா புள்ளி நகராது. புள்ளி நகரலைன்னா அங்க யாருக்கும் சோறு எறங்காது. ஒரு மணி நேரத்துக்குள்ள தூக்கற லாரி வரும், மாத்து வண்டி வரும், அன்னிக்கு எத்தனை பார்சல்னு யாரும் கேக்க மாட்டாங்க.

அக்கா: பட்டறைக்குள்ள போன வண்டி பிரேக் பாக்காம வெளிய வராதுன்னு சொல்வாங்களே...

சூப்பர்வைசர்: அது பட்டறைச் சட்டம். அதை மட்டும் யாரும் மாத்தல... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: காத்துவாக்குல கேட்டது.

டிரைவர்: எனக்கும் காத்துவாக்குலதான்.

சூப்பர்வைசர்: சரி. லாரிக்குச் சொல்றேன்... ஹலோ, பட்டறையா? ஏழாம் நம்பர். ஸ்டார்ட் ஆகல. சக்கரத்துல காத்தும் இல்ல. தள்ளவும் முடியாது. ஆமா, தூக்கிக்கிட்டுத்தான் போகணும்... என்ன சொன்னீங்க? ... இல்லைங்க, குரல் சந்தோஷமா எல்லாம் இல்ல. சளி.

---

அக்கா: போகுது பாருங்க! வாலைத் தூக்கிக்கிட்டுப் போற மாடு மாதிரி.

டிரைவர்: டாட்டா காட்டுங்கக்கா. ரெண்டு வருஷம் நம்மளைச் சுமந்த வண்டி.

அக்கா: நேத்து நம்மளைக் கொல்லப் பாத்த வண்டி. பரவாயில்ல, டாட்டா! உடம்பைத் தேத்திக்கிட்டு வா!

சூப்பர்வைசர்: மாத்து வண்டி எப்படி இருக்கு மாப்ளே?

டிரைவர்: வாசல்ல ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். பிரேக்கைத் தொட்டாப் போதும், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

அக்கா: தொட்டானாம்! மிதிச்சான் சார். என் மூக்கு முன்கண்ணாடியில ஒட்டி, அச்சு இன்னும் அப்படியே இருக்கு, வந்து பாருங்க. இன்னொரு தடவை மிதிடான்னேன். எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா, நிக்கிற வண்டியில ஒக்காந்திருக்கிறது!

டிரைவர்: எட்டு தடவை மிதிக்க வெச்சாங்க. சின்னப் பிள்ளை ஊஞ்சலுக்கு அடம்பிடிக்கிற மாதிரி.

சூப்பர்வைசர்: நூத்தி முப்பது மட்டும் ஏத்துங்க. மீதி நாளைக்குப் போகட்டும்.

அக்கா: மேல கேட்டா?

சூப்பர்வைசர்: கேட்டா நான் சொல்லிக்கிறேன். வண்டி ரிப்பேர் ஆன நாள்ல கணக்கு இல்ல. அவங்க போட்ட சட்டந்தானே.

டிரைவர்: மச்சான்... சார்... ஃபோன்.

சூப்பர்வைசர்: இது பட்டறை. சொல்லுங்க மெக்கானிக்... ம்... ம்... கடவுளே. நிஜமாவா? ... ம். சரி, சரி. எழுதி மேல அனுப்பிடுங்க. ரொம்ப நன்றிங்க.

டிரைவர்: என்னவாம்?

சூப்பர்வைசர்: பிரேக் ஆயில் போற குழாய் வெடிச்சுக் கசிஞ்சிருக்கு. சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங்கும் காகிதம் மாதிரி தேஞ்சிருக்காம். இன்னும் ஒரு இறக்கம் தாங்கியிருக்காதாம்.

அக்கா: நேத்து அந்த மணல் மட்டும் இல்லைன்னா!

சூப்பர்வைசர்: கேளுங்க, இன்னும் இருக்கு. ஒரே நேரத்துல வாங்கின வண்டிங்க ஒம்பது. ஒம்பதையும் நாளையில இருந்து ஒண்ணொண்ணாப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. மெக்கானிக் எழுதினா மட்டும் மேல கண்ணு தெரியுது.

அக்கா: ஒம்பதுமா! தம்பி, அந்தப் பெரிய பெட்டியை எடு, நான் அதைத் தூக்கிக்கிட்டு ஆடப்போறேன்!

டிரைவர்: வேணாம்க்கா, கட்டடம் தாங்காது!

சூப்பர்வைசர்: ஆனா மெக்கானிக்குக்கு ஒரு சந்தேகம்.

டிரைவர்: என்ன சந்தேகம்?

சூப்பர்வைசர்: ஸ்டார்ட்டர் ஃபியூஸைக் காணோமாம். இருந்த எடத்துல ஓட்டைதான் இருக்காம்.

டிரைவர்: பழைய வண்டி... விழுந்திருக்கும்.

சூப்பர்வைசர்: மூடி போட்ட பெட்டிக்குள்ள இருந்தா?

அக்கா: தம்பி, ஏன் சட்டைப் பையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? நெஞ்சு வலிக்குதா?

டிரைவர்: ...சரி. நான்தான். காலையில ஏழு மணிக்கு வந்து எடுத்தேன். வேற வழி தெரியல. பிரேக்னு சொன்னா ஓட்டுங்கறாங்க, ஓடலைன்னாத்தான் பாக்கறாங்க. இதோ இருக்கு ஃபியூஸ். எழுதணும்னா எழுதிக்கோங்க.

அக்கா: அடப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குனிஞ்சிருக்கவே மாட்டேனே!

டிரைவர்: எதுக்குக் குனிஞ்சீங்க?

அக்கா: ஐயோ... வாய் தவறி...

சூப்பர்வைசர்: மெக்கானிக் அதையும் சொன்னார். டயர்ல பஞ்சர் இல்ல. உள்ள இருக்கிற வால்வு ஊசியை யாரோ கழட்டியிருக்காங்க. பக்கத்துல ஒரு ஹேர்பின் கிடந்துச்சாம்.

அக்கா: ஆமா சார், நான்தான்! பார்சல் ஏத்தறேன் ஏத்தறேன்னு சொல்லிக்கிட்டே நடுவுல போய்க் கழட்டினேன். இந்தத் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டே ஓட்டுவான், வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்ல மாட்டான். பக்கத்து சீட்டுல ஒக்காரறது நான்தானே! எனக்கும் வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கு சார்.

டிரைவர்: ஏன்க்கா... எனக்காகவா?

அக்கா: உனக்காக பாதி. என் மூக்குக்காக பாதி.

டிரைவர்: சிரிக்க வெக்காதீங்க... ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. நான் ஃபியூஸை மட்டும்தான் எடுத்தேன். அதை எடுத்தா இஞ்சின்தான் சுத்தாது, மீட்டர்ல லைட்டு எரியணும். ஏன் எரியல?

அக்கா: என்னைப் பாக்காதே. நான் காத்தோட சரி.

டிரைவர்: அப்ப... மச்சான்? மெக்கானிக் வேற ஏதாவது சொன்னாரா?

அக்கா: ஏன் சார் காது இப்படிச் செவக்குது?

டிரைவர்: மச்சான்!

சூப்பர்வைசர்: நேத்து சாயங்காலமே உன் பொண்டாட்டி எனக்கு ஃபோன் பண்ணிட்டாடா, உன் ஷூவுல இருந்து கொட்டின மணலைப் பாத்துட்டு ஒரே அழுகை. காலையில ஆறு மணிக்கே வந்து, யாரும் இல்லாதப்ப பானட்டைத் திறந்து, பேட்டரி வயரைக் கழட்டினது நான்தான்... சத்தியமாச் சொல்றேன் மாப்ளே, பதினாலு வருஷத்துல இந்தக் கம்பெனிக்கு இவ்வளவு சந்தோஷமா நான் ஒரு வேலையும் செஞ்சதில்ல!