மிக்ஸி ஓடிய வீடு

மழைச் சத்தத்தை மழையில் பிடித்தால் நன்றாக வராது. காய்ந்த எண்ணெயில் ஈர வெங்காயத்தைப் போட்டுப் பிடிக்க வேண்டும். நாடகங்களிலும் படங்களிலும் நீங்கள் கேட்ட மழையில் பாதி என் வீட்டு அடுப்பில் பெய்ததுதான். அடுப்பருகே நின்றது என் மனைவி. மைக்கைப் பிடித்தது நான்.

இதை நானே எழுதுகிறேன். படிப்பு கம்மி, பிழை இருக்கும். உங்களை எழுதவிட்டால் நான் சொல்லாததும் அதில் ஏறிவிடும்.

மகள் என் மனைவியைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டாள்.

"போறியா?" என்றேன்.

"காலம் பூரா வாயைப் பொத்திக்கிட்டே சமைச்சாச்சு. இனிமேலாவது பேசிக்கிட்டே சமைக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெட்டியை இறக்க, ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போனாள். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மனசு மாறட்டும் என்றுதான்.

மகள் போன் பண்ணினாள். பாத்திரம் கழுவும் பதிவை ஓடவிட்டுப் பேசினேன். "அம்மா வரலையாம்."

"அம்மாகிட்ட குடுங்கப்பா."

"கை வேலையா இருக்கா. கேக்குதில்ல?"

உள்ளே இருந்தவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டுக்காரி மாடியேறி வந்துவிட்டாள்.

"என்னண்ணே, அக்கா என்னத்தப் போட்டு இந்த இடி இடிக்கிறாங்க?"

"மிளகு."

"தெருவுக்கே மிளகுத்தூளா?" என்று சிரித்தாள். "எனக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்க."

ஒரு சத்தத்தை அழிக்க முடியாது, இன்னொன்றைப் போட்டு மூடலாம். என் தொழிலே அதுதான். அவள் முன்பு மிளகு இடித்த பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். தட்டுவது எது, இடிப்பது எது என்று எனக்கே பிரிக்க வரவில்லை. அவ்வளவு பொருத்தம். பிறகு தட்டல் மெலிந்து நின்றது. தண்ணீர் கொடுக்கத் தோன்றியது. திறந்தால் பேசுவாள் என்று விட்டுவிட்டேன். தினமும் காலையில் மிக்ஸி, மதியம் எண்ணெய் பொரிவது, சாயங்காலம் பாத்திரம். வீடு வீடாக இருந்தது.

ஸ்பீக்கர் பேட்டரியில் ஓடுவது. அதை நான் யோசிக்காமல் போனதுதான் பிசகு.

"தெருவுக்கே கரண்ட் இல்ல. உங்க மிக்ஸி மட்டும் எப்படிண்ணே ஓடுது?"

இந்தத் தடவை கீழ்வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களைக் கூட்டி வந்தாள்.

தாழ்ப்பாள் போட்டது நான். திறக்காமல் இருந்ததும் நான். தண்ணீர் இல்லாமல் அவள் செத்தாள் என்கிறீர்கள், அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செத்து நாலைந்து நாள் ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் கதவை உடைத்த அன்று காலைகூட அவள் சமைத்துக்கொண்டுதான் இருந்தாள். கீழ்வீட்டுக்காரியைக் கேளுங்கள். அவள் காதிலும் விழுந்தது.