கொட்ட மனம் வரவில்லை

டீ ஆறிப்போனால் பரவாயில்லை, மேடம். விசாரணை என்றால் நேரமாகும், தெரியும். எங்கள் வேலையிலும் சூடாக எதையும் குடித்துப் பழக்கமில்லை. குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை அது. ஆய்வகத்தில் கருவை உண்டாக்குவதும், மிஞ்சியதை உறைய வைத்துக் காப்பதும் என் பொறுப்பு.

ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் மிச்சக் கருக்கள் தொட்டியில் உறைந்து கிடக்கும். சில தம்பதிகள் பிரிந்துவிடுவார்கள், சிலர் மறந்தே போவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். "அது உயிர் இல்லம்மா. இதுக்கெல்லாம் மனசப் போட்டுக் குழப்பிக்காதே" என்பார் பெரிய டாக்டர். அவருக்கென்ன, கொட்டுகிற கை என்னுடையது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது பாட்டுக்கு வளரத் தயாராக இருக்கும். அதை உயிர் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதனால் கொட்டவில்லை. சொந்தக் கரு தேறாத பெண்களுக்கு, கருப்பையில் வைக்க டாக்டரிடம் கொடுக்கும் குழாயில் இவற்றை ஏற்றிக் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? பிறகு குழந்தையைக் காட்ட வருவார்கள். "யாரு ஜாடைன்னே தெரியலங்க" என்று சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரே தம்பதியின் மிச்சக் கருக்களில் பிறந்த இரண்டு பிள்ளைகள் இப்போது ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் ஒருத்தியே மனதில் வைத்திருப்பது அலுப்பாக இருக்கிறது, மேடம்.

அப்புறம் என் அக்கா வந்தாள். வருஷக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டவள். கடைசி முயற்சியில் ஒரே ஒரு கரு கிடைத்தது. "நீதானேடி உள்ள இருக்கே, எனக்கென்ன பயம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடையது மந்தமாக வளர்ந்தது, ஓரமெல்லாம் சிதைந்திருந்தது. ஆனால் நின்றுவிடவில்லை. அன்று காலைதான் பிரிந்துபோன ஒரு தம்பதி கொட்டச் சொன்ன கருவை வெளியே எடுத்திருந்தேன். நல்ல கரு. அதைத்தான் அக்காவுக்கு ஏற்றிக் கொடுத்தேன். அவள் இன்னொரு தடவை அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பெண் குழந்தை. துறுதுறுவென்று இருப்பாள், சித்தி சித்தி என்று காலைச் சுற்றுவாள். போன மாதம் உடம்புக்கு முடியாமல் ரத்தம் சோதித்தபோது, அக்காவுக்கும் அத்தானுக்கும் அவள் பிறந்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அக்கா கத்தவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "என்னோடது எங்கடி?" என்று மட்டும் கேட்டாள்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை உயிரைக் காப்பாற்றியவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவளுடையதைக் கழுவுதொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அப்போதும் அது வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் உயிர் என்று சொல்ல முடியுமா, மேடம்?