இல்லாத மீன் தொட்டி

வீட்டுல இருந்த ஒரே பாத்ரூமை இடிச்சாச்சு. அவ்வளவுதான் தம்பி விஷயம். இதுக்குப் போய் மாடிக்கு மாடி நின்னு பேசறாங்க.

நீங்க கொப்பளிக்கணும். தெரியுது. வாயில பிரஷ்ஷோட எவ்வளவு நேரம் நிப்பீங்க... உள்ள ஆள் இருக்கு. எங்க வீட்டு ஆளுதான். நானும் வாளியோட நிக்கறேன்ல? உங்க வீட்டு பாத்ரூம்தான், இல்லைங்கல. பொறுங்க.

என் பெரிய பொண்ணு வீட்டைப் புதுப்பிச்சப்ப நான்தான் கூடவே நின்னேன். ஆயுசு பூரா கட்டட சூப்பர்வைசர். எதுக்கு அப்புறம் எது, யாரு எப்ப வரணும், எல்லாம் பிளானா எழுதி வெச்சிருந்தேன். ஒரு சிக்கல் இல்ல. இப்ப சின்னவ வீடு. அதே மாதிரி ஹால், அதே மாதிரி சமையலறை. புதுசா எதுக்கு எழுதணும்? மேல மாப்பிள்ளை பேரை மாத்தினேன். பக்கத்துல தேதியை மாத்தினேன். முடிஞ்சுது.

பெரியவ வீட்டுல பாத்ரூம் ரெண்டு. அதனால அங்க முதல் வேலையே ஒண்ணை இடிக்கறது. இங்க... என்ன முழிக்கறீங்க? எண்ணிப் பாக்கலை. பாத்ரூமைப் போய் யாராவது எண்ணுவாங்களா?

இடிச்சா உடனே கட்டிடலாம்ல? அங்கதான் மீன் தொட்டி வந்துது.

பெரியவ ஹால்ல ஒரு மீன் தொட்டி. அதை பால்கனிக்கு மாத்தினாத்தான் டைல்ஸ் அடுக்க இடம். அதுவும் பிளான்ல ஒரு வரி. சின்னவ வீட்டுல மீனும் இல்ல, தொட்டியும் இல்ல. கொத்தனார் வந்து, "ஐயா, தொட்டி மாத்தியாச்சா?"ங்கறார். தொட்டியே இல்லப்பான்னேன். "அப்ப இன்னும் மாத்தலை"ன்னுட்டு சிமென்ட் மூட்டை மேல உக்காந்துட்டார்.

அவரைச் சொல்லி என்ன? நான் போட்ட சட்டம். மேல் வரி முடியாம கீழ் வரியைத் தொட்டா நாளைக்கு இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லியிருந்தேன்.

அந்த வரியை அடிச்சிருக்கலாம்கறீங்க. தலையாட்டறது தெரியுது. அடிக்கலாம்... சம்பந்தியம்மா எதிர்ல உக்காந்திருக்கறப்ப பேனாவை எடுத்து அடிச்சா என்ன அர்த்தம்? பிளான் தப்புன்னு அர்த்தம். நான் அடிக்கலை.

பாவம் அந்தம்மா. தேஞ்ச முட்டி. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாடி இறங்கி, உங்க கதவைத் தட்டி, மறுபடி ரெண்டு மாடி ஏறி... என்னோட பேச்சை நிறுத்திட்டாங்க. மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார். சின்னவ சொல்லிட்டா: "அக்கா வீட்டுக்கே போயிடுங்கப்பா. அங்க ரெண்டு பாத்ரூம் இருக்கு."

பெத்த பொண்ணு தம்பி! ம். பெட்டிகூட கட்டிட்டேன்.

நேத்து சாயங்காலம் ஹாலுக்கு ஒரு கண்ணாடி பாட்டில் வந்துது. தண்ணி. உள்ள சுண்டுவிரல் அளவுல ஒரு மீன். ஹால் நடுவுல வெச்சு, கொத்தனாரைக் கூப்பிட்டு, அவர் கண்ணு முன்னாடியே தூக்கிட்டுப் போய் பால்கனியில வெச்சாச்சு. "மாத்தியாச்சுப்பா." அவர் டிக் போட்டார். சிமென்ட் குழைக்கப் போயிட்டார்.

பிளான் பிளானாவே இருக்கு. ஒரு வரி அடிபடலை. பெட்டியைப் பிரிச்சுட்டேன்.

மீனுக்கு என் பேரை வெச்சிருக்கறதா கேள்வி. நான் விசாரிக்கலை.

யாரு கொண்டு வந்ததா? அட, துப்பிடாதீங்க... தாப்பா திறக்குது பாருங்க. நகருங்க, நகருங்க. முட்டி வலிக்காரங்க, வழி விடுங்க.

இவங்கதான். எங்க சம்பந்தியம்மா.