‘ஆர்’ என்று எழுதிய காது

பிறர் பேச்சுக்குச் செவி கொடுப்பது என் வழக்கமன்று. தாம்பரத்தில் புறப்பட்ட மின்ரயிலில், எதிரே ஒரு கணவனும் மனைவியும் ஓர் எம்பி3 பிளேயரின் இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்திருந்தனர். அந்த அம்மாள் சொன்னது என்னைச் செய்தித்தாளைத் தாழ்த்தச் செய்தது.

“உங்க காதுல நான் இல்லைங்க. என் காதுலதான் இருக்கேன்.”

“சர்ச் சிடில பாடினேன்னு சொன்ன. வீட்லயும் கேட்டேன், உன் குரலே இல்லையே.”

“இது ஸ்டீரியோ. உங்க காதுல இருக்கிறது ‘எல்’, லெஃப்ட். அதுல மத்தவங்க. எங்க வரிசைய ரைட் பக்கம் பதிஞ்சாங்க. நம்ம வீட்ல ரைட் ஸ்பீக்கர் அவுட்டாகி எவ்ளோ மாசமாச்சு?”

கணவர் ‘ஆர்’ என்று எழுதியிருந்ததை வாங்கித் தம் காதில் வைத்துக்கொண்டார். குரோம்பேட்டை கடந்தும் திருப்பித் தரவில்லை.

“பல்லாவரத்துல இறங்கினதும் ஸ்பீக்கர ரிப்பேருக்குக் குடுக்க ஆளைப் பாக்கணும்.”

“நான் கேட்டப்பல்லாம் விட்டுட்டு, இப்ப என்ன அவசரம்?”

“நீ சும்மா வாயசைச்சேன்னு எங்கம்மா சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்க இத கேக்கணும்.”

அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார்.

“வால்யூம் கொஞ்சம் கூட்டியே வைங்க.”