நாலு கட்டளையில பொட்டு இல்ல

தலைய ஆட்டாதீங்க பாதிரி ஐயரே, கத்தி தொண்டக்குழி மேல இருக்கு. நீங்க சொன்னது வெளங்கிச்சு. வர ஞாயித்துக்கெழம கோயில்ல எனக்கும் எம் பொண்டாட்டி சின்னத்தாயிக்கும் ஞானஸ்நானம். ஆனா அவ பொட்ட அழிச்சாதான் தலையில தண்ணி ஊத்துவீங்க. அவ அழிக்க மாட்டேங்கறா. நடுவுல எனக்குத்தான் பேஜாரு.

வாயத் தொறக்காதீங்க, சோப்பு போயிடும். நான் பேசறேன்.

எனக்குப் படிப்பு ஏறல. பக்கத்து வீட்டு நோரா டீச்சரம்மாதான் வேதத்த வாசிச்சுக் காமிச்சாங்க. மொதமொதல்ல இயேசு பின்னால போனவங்க அத்தன பேரும் யூதருங்களாமே. அவரே யூதராமே. பொறந்த எட்டாம் நாளு அவருக்கும் சுன்னத்துக் கத்தி வெச்சிருக்காங்க. நீங்க பேசற தோரணைக்கு, அவரு நம்ம பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்காரருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்.

அப்புறம் வெளியாளுங்க வந்து சேர்றாங்க. நம்மள மாதிரி, கண்டதையும் கும்பிட்ட கும்பலு. ஒடனே எருசலேம்ல சில பெருசுங்க, மொதல்ல வெட்டிக்க, அப்பால உள்ள வான்னு வழிய மறிக்குதுங்க. கத்தி புடிக்கிறவன் சொல்றேன், வளந்த ஆம்பளைக்கு அது லேசுப்பட்ட வேல இல்ல. நானா இருந்தா அந்தத் தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன். பவுலு போயி ஒரே சண்ட. பேதுருவும் அவரு பக்கம் பேசிட்டாரு. கடசில பஞ்சாயத்து முடிஞ்சு காயிதம் போட்டாங்க. வெட்டிக்க வேணாம், நாலே நாலு விஷயத்த விட்டுட்டா போதும். செலைக்குப் படைச்சது, கழுத்த நெரிச்ச கறி, அடுத்தவன் பொண்டாட்டி, ரத்தம்.

கன்னத்த உப்புங்க. ரத்தம்னா பொரியலும் சேத்திதான? போன ஞாயிறு ஐயரம்மா சொல்லி, சிவாஜிநகர்ல இருந்து ஆட்டு ரத்தம் வாங்கியாந்தவன் நான். வெங்காயம் போட்டு வதக்கினத நீங்க ரெண்டு தபா கேட்டு வாங்கித் தின்னீங்களாமே.

மொறைக்காதீங்க. எழுதி வெச்ச ரத்தம் எல தாண்டி வயித்துக்குள்ள போவுது. எழுதாத பொட்டு மட்டும் வாசல் தாண்டக் கூடாதா?

என்னா, சபை வழக்கமா? வெள்ளக்கார ஐயரு போட்டதுதான. அவரு கப்பலேறி எட்டு வருஷம் ஆச்சே. கோவிந்தப்பாங்கற பேரப் புடுங்கிட்டு யாக்கோபுன்னு வெக்கறீங்க. அதுவும் யூதன் பேருதான். நான் ஏதாச்சும் கேட்டனா?

இருங்க, மீச ஓரம் பாக்கி.

அவள விட்டுட்டு நான் மட்டும் வந்தா பிரயோஜனமில்ல ஐயரே. புள்ளகுட்டி கெடையாது. உங்க சபையில புருஷன் போயி தனியா நிக்கற பொம்பளைங்களுக்கு ஒரு ரூமும் அரிசியும் குடுக்கறீங்க. அதப் பாத்துதான் வந்தேன், பரலோகத்தப் பாத்து இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில என் வயித்துக் கட்டியப் பாத்துட்டு, கிறிஸ்மஸ் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிக்காதீங்க.

பொட்டுக்கு நீங்க செரமப்பட வேணாம். தை மாசத்துக்குள்ள ஊரே கூடி அழிச்சிடும். அது வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்.

படிகாரம் தடவறேன். கொஞ்சம் எரியும்.