தலையில கட்டின துண்டு

அது சரிதான், ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி ஐயா நீங்க சொன்னா. ஓசியில குடுத்தா மதிப்பு இருக்காதுதான். காலேஜ் படிப்ப கவருமெண்டு சும்மா குடுக்கணும்னு பேப்பர்ல எழுதுறவங்க எழுதட்டும். நீங்க படிச்சவங்க, வேண்டாங்கறீங்க. நான் செங்கல் வண்டி ஓட்டுறவன், எங்கிட்டப் போயி கேக்குறீங்களே.

ஆமாங்க, எம்மவன் சிங்கப்பூர்ல டாக்டருக்குப் படிக்கிறான். பாலன். சின்னவன். இப்ப வர்ற மெயில் ரயில்லதான் வர்றான், அவனக் கூட்டிட்டுப் போகத்தான் ஸ்டேசன்ல நிக்கிறேன். கடைசிப் பரீச்சை முடிஞ்சிருச்சு. பாஸாயிருவான். அவன் பாஸாகாம வேற யாரு ஆவா.

அய்யோ, படிப்புக்குப் பணம் நான் எங்கங்க கட்டுறது. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கவே நாக்குத் தள்ளிப்போவுது. எல்லாம் பெரியவன் கட்டினது. கன்னையா. கிள்ளான் ரோட்டுல சீன மொதலாளி, அந்தத் தவுக்கேவோட செங்கல் சூளை இருக்குல்ல, அங்க களிமண்ணு வெட்டுற வேலை.

ரெண்டு பேருமே நல்லாப் படிக்கிறவனுங்கதான். பெரியவன இன்னும் படிக்க வைய்யின்னு வாத்தியாரு பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீட்டுக்கே வந்து சொன்னாரு. ரெண்டு பேரையும் அனுப்ப நமக்கு ஏதுங்க வக்கு? நான் போறேம்ப்பா மண்ணு வெட்ட, தம்பி படிக்கட்டும்னான். வருத்தப்பட்டானான்னா, தெரியல. மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நானும் கேக்கல.

கல்யாணமா? இல்லீங்க. நல்லம்மா, எம் பொஞ்சாதி, பந்திங் ஊர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தா. தம்பி டாக்டராவட்டும், தம்பி டாக்டராவட்டும்னே தள்ளிக்கிட்டு வந்துட்டான்.

என்னங்க, தலையா? அட, துண்டு அவுந்துருச்சா. ஆமாங்க, மொட்டதான். பத்துமலை முருகனுக்கான்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. மவன் பரீச்சைக்கு வேண்டுதலான்னு. ஆமான்னு சொல்லிடுறது. வாயி வலி மிச்சம்.

மழை பேஞ்சா அந்தக் களிமண்ணுக் குழியில ஒருத்தனும் எறங்க மாட்டான். எறங்குறவனுக்கு ரெட்டக் கூலி. பரீச்சைக்குப் பணம் கட்டணும்னு சின்னவன் எழுதியிருந்தான், அதான் பெரியவன் எறங்கினான். நான் மேல செங்கல் ஏத்திக்கிட்டு நிக்கிறேன். கரை சரிஞ்சிருச்சு. எல்லாரும் கத்திக்கிட்டு ஓடுறாங்க. மாடு மிரளுது. நான் மாட்டப் புடிச்சிக்கிட்டே நிக்கிறேன். எவனோ வந்து கயித்த எங்கையிலேருந்து புடுங்கினான்.

பதினாறாம் நாளு காரியம் போன வாரந்தான் முடிஞ்சிச்சு. அவனுக்குப் புள்ளையா குட்டியா? நாந்தான் கொள்ளி வச்சேன். அப்பன் மவனுக்கு. மொட்ட அதுக்குத்தான்.

நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க. உக்காருங்க. அழுக வரலைங்க எனக்கு. நல்லம்மாதான் அழுவுறா, எனக்கும் சேத்து.

சின்னவனுக்குத் தெரியாது. தந்தி குடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். பரீச்சைய விட்டுட்டு ஓடியாந்துட்டான்னா, பெரியவன் இத்தன வருசம் வெட்டுன மண்ணு என்னத்துக்கு ஆவும்? முடிச்சிட்டு வரட்டும்னு இருந்துட்டோம். வந்த ஒடனேயும் சொல்லிடாத, ரெண்டு வாயி சோறு தின்னதும் சொல்லுவோம்னா நல்லம்மா. சேதி கேட்டுட்டா அப்புறம் எங்க தின்னப்போறான்.

காசு கட்டிப் படிச்சாத்தான் புள்ளைக்கு அரும தெரியும்னீங்கல்ல. தெரிஞ்சிரும்ங்க. இன்னிக்குச் சோறு தின்னதும் தெரிஞ்சிரும்.

சத்தம் கேக்குது, மெயிலுதான். எறங்குனதும் அண்ணன் எங்கப்பான்னுதான் கேப்பான். அவன் பொட்டியத் தூக்க எப்பவும் அண்ணங்காரன்தான் வருவான். தவுக்கே லீவு குடுக்கலன்னு சொல்லணும். வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு வரணும்.

ஐயா, நான் கட்டினா அவுந்து அவுந்து போவுது. இந்தத் துண்ட நல்லா இறுக்கிக் கட்டி விடுங்க. பின்னால மொட்ட தெரியுதா பாருங்க.